தசாவதாரத்துக்கு ஓர் ஏர்பிரஷ்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யத்துப் பக்கம் கரையேறியபோது, மன்னார்குடியில் எங்கள் அத்தை வீட்டு ஓடுகள் பாதிக்கு மேல் பறந்துவிட்டன. பரணில் இருந்த கொலுப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியது அப்போது யாருக்கும் தெரியாது. தென்னைகள் விழுந்து, கரண்ட் இல்லாமல், குடிக்கத் தண்ணீர் தேடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. பொம்மையை யார் நினைப்பார்கள்? மூன்று வாரம் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது, மச்சாவதாரத்தின் பச்சை நிறம் சுற்றி வைத்திருந்த செய்தித்தாளோடு உரிந்து வந்தது. ராமர் முகத்தில் பாதி இல்லை. செட்டியார் தப்பித்திருந்தார், செட்டிச்சியின் கன்னத்திலும் புடவையிலும் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு தெரிந்தது. தஞ்சாவூர் ராஜா ராணி பொம்மைகளில் ராணிக்கு மட்டும் தலையில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.

அத்தை தன் கல்யாணத்தோடு கொண்டுவந்த பொம்மைகள் அவை. புதிதாக வாங்கித் தருகிறேன் என்று அவர் பிள்ளைகள் சொன்னதை அவர் காதிலேயே வாங்கவில்லை. நான் கொஞ்சம் படம் வரைவேன் என்பதால், "நீதான்டா பார்க்கணும்" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டார். தூரிகையால் முயன்று பார்த்தேன். ஆடை, நகை, கிரீடம் எல்லாம் தூரிகைக்குப் பணிந்தன. முகம் பணியவில்லை. பழைய கொலு பொம்மையின் கன்னத்தில் சிவப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று காட்ட முடியாது. மூக்கோரத்தில் இல்லாத நிறம் கன்னத்து மேட்டில் வந்து, காதுக்குப் போவதற்குள் கரைந்துவிடும். அது ஊதிப் போட்ட வண்ணம். தூரிகை எடுத்து எவ்வளவு நீவினாலும் விளிம்பு தெரிந்தது. அப்படித்தான் ஏர்பிரஷ், அதாவது காற்றழுத்தத்தால் வண்ணத்தைத் தூவுகிற கருவி, தேட ஆரம்பித்தேன்.

முதலில் வாங்கியது எல்லோரும் வாங்குவதுதான். பேனா மாதிரி ஒரு ஏர்பிரஷ், 0.2, 0.3, 0.5 மில்லிமீட்டர் என மூன்று ஊசி, வண்ணம் வெளிவருகிற நுனித் துளையான நாசில் மூன்று, கூடவே காற்றை அழுத்தித் தருகிற கையடக்கமான ஒரு குட்டிக் கம்ப்ரஸர், எல்லாம் ஒரே பெட்டியில். பெயர் சொல்லும்படியான கம்பெனி இல்லை. ஆடிப்பெருக்கு அன்று பிரித்தேன். முற்றத்தில் உட்கார்ந்து உடைந்த மண்சட்டித் துண்டின்மேல் அடித்துப் பார்த்தேன். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதையேதான்: காகிதத்தில் ஒரு நாள் பழகிவிட்டு உடனே சட்டித் துண்டுக்குப் போய்விடுங்கள். மண் வண்ணத்தை உறிஞ்சுகிற விதமே வேறு.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பனித்துளியைவிட நுண்ணிய வண்ணத் தூவல் என்ன ஆகும்? பாதி பக்கத்துச் சுவருக்குப் போனது. மீதி சட்டியைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து, மணல் தெளித்தது போல் சொரசொரவென்று உட்கார்ந்தது. அதைவிடத் தொல்லை, இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை தண்ணீரில் கரைக்கிற அக்ரிலிக் வண்ணம் ஊசி முனையில் காய்ந்து கட்டிக்கொண்டது. வண்ணம் வருவது நின்றுவிடும், டிரிக்கரை இன்னும் இழுப்பேன், திடீரென்று ஒரு துப்பல். ராமர் முகமாக இருந்திருந்தால் அழுதிருப்பேன்.

வேலையை ரேழிக்கு மாற்றினேன். பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை ஒரு பக்கம் திறந்து நிறுத்தி, பின்புறம் ஜன்னலைப் பார்த்து ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். தண்ணீரில் கரைக்கிற வண்ணத்துக்கு மட்டும்தான் இந்த ஏற்பாடு. தின்னர் கலந்த எனாமலை இப்படிச் சாதாரண ஃபேன் வைத்து உறிஞ்சக் கூடாது. மோட்டாரின் ஒரு பொறி போதும், தீப்பிடிக்கும். முகத்துக்குப் போடுகிற சாதாரண என்95 மாஸ்க்கும் வண்ணத் தூவலைத்தான் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். நான் எனாமலையே விட்டுவிட்டேன்.

அக்ரிலிக் காய்கிற பிரச்சினைக்கு மருந்து எளிது. காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் என்ற திரவம் கடையில் கிடைக்கிறது. நூறு சொட்டு வண்ணத்துக்கு ஐந்து சொட்டுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும், அதிகமானால் மேற்பூச்சு ஒட்டும் பிசுக்காகவே கிடக்கும். தண்ணீர் மட்டும் ஊற்றி நீர்த்துப்போகச் செய்தால் வண்ணத்தைப் பிடித்துவைக்கும் பசையும் நீர்த்து, காய்ந்தபின் விரலில் தூளாக ஒட்டும். பாதித் தண்ணீர், பாதி அக்ரிலிக் மீடியம் (நிறம் சேர்க்காத அந்தப் பசை) என்று கலந்தேன். பதம் காய்ச்சாத பால். கப்பின் உட்சுவரில் ஓடவிட்டால் மெல்லிய படலமாக நின்று மெதுவாக இறங்க வேண்டும். கைவினைக்கு விற்கிற குப்பி வண்ணங்களில் நிறத் துகள் பெரிதாக இருக்கும். பழைய நைலான் சாக்ஸில் வடிகட்டாமல் நான் இப்போது எதையும் கப்பில் ஊற்றுவதில்லை. வேட்டித் துணியில் வடிகட்டிப் பார்த்தேன், அது தன் பஞ்சையும் சேர்த்துக் கொடுக்கிறது.

இதெல்லாம் கைப்பழக்கத்தில் சரியானது. சரியாகாதது புரட்டாசியில் வந்தது.

இரண்டு நாள் தொடர் மழை. கூர்மாவதாரத்தின் முதுகுக்குக் கீழ்ப்பூச்சு அடித்துக்கொண்டிருந்தேன். அரை மணி நன்றாகப் போனது. பிறகு வண்ணத்தின் நடுவே ஒரு வெறும் தண்ணீர்ச் சொட்டு வந்து விழுந்தது. துடைத்து மறுபடி அடித்தால் மறுபடி சொட்டு. கப்பில் தவறு தேடினேன், நாசிலைக் கழற்றிக் கழுவினேன். கடைசியில் ஓஸைக் கழற்றித் தொங்கவிட்டபோது உள்ளேயிருந்து தண்ணீர் வழிந்தது.

காரணம் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்குப் போட்டேன். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 4 பார் அளவுக்கு (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அழுத்தும்போது, ஏற்கெனவே உள்ள காற்றழுத்தத்தோடு சேர்ந்து அந்தக் காற்று ஐந்தில் ஒரு பங்கு இடத்துக்குள் ஒடுங்குகிறது. இடம் சுருங்கினாலும் நீராவி அவ்வளவும் உள்ளேதான் இருக்கிறது. அறை வெப்பத்துக்கு ஆறியதும் அந்தக் காற்றால் நான்கில் ஒரு பங்கு ஈரத்தைத்தான் தாங்க முடியும். மீதி முக்கால் பங்கும் தண்ணீராகியே தீரும். ஆறியதும் என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. குட்டிக் கம்ப்ரஸரில் டேங்க் கிடையாது. பிஸ்டனிலிருந்து வரும் சூடான காற்று, ஆவியாகவே, தண்ணீரைப் பிடித்து நிறுத்த வைத்திருக்கிற வாட்டர் ட்ராப்பைக் கடந்து ஓஸுக்குள் போய், அங்கே ஆறித் தண்ணீராகிறது. ட்ராப் வைத்திருக்கிறோமே என்று நாம் நிம்மதியாக இருப்போம், தண்ணீர் அதைத் தாண்டியபிறகுதான் பிறக்கும்.

டெல்டாவில் இருக்கிற ஒருவர் என்னிடம் எந்த ஏர்பிரஷ் வாங்கலாம் என்று கேட்டால், முதலில் காற்றைப் பற்றித்தான் பேசுவேன். கையில் பிடிக்கிற கருவிக்கு முன்னால் டேங்க் உள்ள கம்ப்ரஸருக்குப் பணம் ஒதுக்குங்கள். நான் வாங்கியது ஏஎஸ்-186 வகை: எண்ணெய் தேவையில்லாத பிஸ்டன், ஆறில் ஒரு பங்கு குதிரைத்திறன் மோட்டார், 3 லிட்டர் டேங்க். 4 பார் வந்ததும் தானே நின்றுவிடும், 3 பாருக்கு இறங்கினால் தானே ஓடும். இதே அச்சில் பல பெயர்களில் விற்கிறார்கள். டேங்கில் காற்று ஆறுவதால் தண்ணீர் அங்கேயே அடியில் தங்கிவிடுகிறது. தினமும் வேலை முடிந்ததும் அடியில் உள்ள திருகைத் திறந்து வடித்துவிட வேண்டும். புரட்டாசி, ஐப்பசியில் வடிகிற தண்ணீரைப் பார்த்தால் இவ்வளவும் பொம்மையில் விழுந்திருக்குமே என்று தோன்றும். ஏர்பிரஷின் அடியிலேயே மாட்டுகிற இன்னொரு சின்ன ட்ராப்பும் சேர்த்துக்கொண்டேன். அதன்பிறகு ஒரு சொட்டுகூட விழவில்லை.

டேங்க் இருந்தால் கரண்ட் போனாலும் சமாளிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். 3 லிட்டர் டேங்க் நிறைந்திருந்தாலும் அரை நிமிஷம், கூடினால் முக்கால் நிமிஷம். அவ்வளவுதான். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உள்ள நாளில் வேலை வைக்காதீர்கள். டேங்கின் உண்மையான லாபம் வேறு. பிஸ்டனின் துடிப்பு ஓஸுக்கு வராது. குட்டிக் கம்ப்ரஸரில் மெல்லிய கோடு இழுத்தால் அந்தத் துடிப்பு கோட்டிலேயே புள்ளி புள்ளியாகத் தெரியும்.

இனி கருவிக்கு வருகிறேன்.

டிரிக்கர் இரண்டு வகை. ஒற்றைச் செயலில் அழுத்தினால் காற்றும் வண்ணமும் சேர்ந்து வரும், வண்ணத்தின் அளவை ஒரு திருகில் முன்கூட்டியே வைத்துவிட வேண்டும். இரட்டைச் செயலில் கீழே அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் வண்ணம். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு. அகல் விளக்கு நூறு, பூந்தொட்டி ஐம்பது என்று ஒரே நிறம் அடிக்கிறவர்களுக்கு ஒற்றைச் செயல் போதும், கை வலிக்காது. கன்னம் வேண்டுமென்றால் இரட்டைச் செயல் தவிர வேறு வழியில்லை. காற்றை முதலில் திறந்து, வண்ணத்தை அப்புறம் இழுத்து, முடிக்கும்போது வண்ணத்தை முதலில் நிறுத்தி, காற்றைக் கடைசியில் மூட வேண்டும். இந்த வரிசை விரலில் பதிய எனக்குப் பத்து நாள் ஆயிற்று.

வண்ணம் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்தது. கப் மேலே இருந்தால் வண்ணம் தானாக இறங்கும். ஐந்து சொட்டு போதும், 15 பிஎஸ்ஐ (ஏறக்குறைய ஒரு பார்) அழுத்தத்திலும் வேலை நடக்கும். குப்பி கீழே தொங்கினால் காற்று அதை உறிஞ்சி மேலே ஏற்ற வேண்டும், அழுத்தம் கூடுதலாகத் தேவை. ஆனால் நிறத்துக்கு ஒரு குப்பி கரைத்து வைத்து, மாற்றி மாற்றி மாட்டலாம். துணியில் ஸ்டென்சில் அடிப்பவர்களுக்கு அதுதான் வசதி. நான் மேல் கப் எடுத்தேன். ஒரு முகத்துக்குக் கலக்கிற நிறமே அரை மூடிதான் வரும்.

நாசில் அளவில்தான் நானும் தவறான பக்கம் போனேன். சின்ன ஓட்டை என்றால் நுணுக்கம் என்று நினைத்து 0.2-ஐ மாட்டி ஒரு வாரம் பட்ட பாடு சொல்லி மாளாது. 0.2 என்பது மையைப் போல நீர்த்த வண்ணத்துக்கு. நம் கடைகளில் கிடைக்கிற கைவினை அக்ரிலிக் அதில் நிமிஷத்துக்கு ஒருமுறை அடைக்கும். கன்னத்துக்கு 0.3, 0.35 தாராளம். கொலு பொம்மையில் தங்க நிறம் இல்லாத இடம் எது? அந்தத் தங்க வண்ணத்தில் இருப்பது மைக்காத் தகடுகள். அவை 0.3-க்குள் நெருக்கியடித்து நிற்கும். தங்கத்துக்கும் கீழ்ப்பூச்சுக்கும் 0.5, அழுத்தம் 30 பிஎஸ்ஐ பக்கம். ஊசி, நாசில் இரண்டையும் ஒரே அளவில் ஜோடியாக மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் வண்ணம் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

முதல் ஏர்பிரஷின் நாசில் நெல்மணியைவிடச் சின்னது, நுனியில் நூல் போன்ற மரையோடு திருகி இறுக்குகிற ரகம். ஒரு நாள் கழுவும்போது கொஞ்சம் கூடுதலாக இறுக்கிவிட்டேன். மறுநாள் கப்பில் வண்ணம் கொதிப்பது போல் குமிழி விட்டது. குமிழி வந்தால் நாசில் பக்கம் காற்று பின்வாங்குகிறது என்று அர்த்தம். லேசான கசிவாக இருந்தால் மரையில் துளி தேன்மெழுகு தடவினால் நின்றுவிடும். எனக்கு நிற்கவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் நாசிலில் மயிரிழை விரிசல். அதே நாசில் தனியாக வேண்டும் என்று விற்றவரைக் கேட்டதற்கு, பதிலே இல்லை. மூன்று வாரம் வேலை நின்றது, நவராத்திரியோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அதனால் இரண்டாவது ஏர்பிரஷைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்த்த முதல் விஷயம் உதிரிப் பாகம். நாசில், ஊசி இரண்டும் தனித்தனியாக, பாக எண்ணோடு, நம் நாட்டுக்குள்ளேயே கிடைக்கிறதா? கிடைக்காவிட்டால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். அடுத்து, திருகி இறுக்காமல் அப்படியே சொருகி வைக்கிற நாசிலா என்று பார்த்தேன். ஜப்பானின் இவாட்டா கம்பெனியின் எக்ளிப்ஸ் எச்பி-சிஎஸ்ஸில் 0.35 நாசில் அப்படித்தான், சொருகிவிட்டு மேலே மூடியைத் திருகினால் போதும். ஜெர்மனியின் ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் எவல்யூஷனும் சொருகு ரகம்தான். அமெரிக்க பேட்ஜர் பேட்ரியாட் 0.5 என்பதால் கெட்டியான வண்ணத்துக்கு நல்ல உழைப்பாளி. ஆனால் பேட்ஜருக்கும் பாஷே என்ற இன்னொரு கம்பெனிக்கும் ஓஸ் மரை அவரவருக்குத் தனி. மற்ற பெரும்பாலானவை எட்டில் ஒரு பங்கு அங்குல மரை. வாங்கும் முன் ஓஸோடு பொருந்துமா என்று பாருங்கள், பொருந்தாவிட்டால் இணைப்பு வாங்கிக்கொள்ளலாம். நான் எக்ளிப்ஸ் எடுத்தேன். விலை முதல் பெட்டியைப் போலப் பல மடங்கு. யோசித்து யோசித்துத்தான் வாங்கினேன், வாங்கியபின் ஒருநாள்கூட வருந்தவில்லை. பழையதைத் தூக்கிப் போடவில்லை. அதில் 0.5 ஜோடியை மாட்டித் தங்கத்துக்கென்றே ஒதுக்கிவிட்டேன். இரண்டு ஏர்பிரஷ் இருப்பதில் இன்னொரு சௌகரியம், தங்கத் துகள் கன்னத்தில் வந்து மினுங்காது.

அதற்குள் தஞ்சாவூருக்கு ஒரு நடை போய், பொம்மைக்கு வண்ணம் அடிக்கிற பெரியவர் ஒருவரைப் பார்த்தேன். ராமர் முகத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, கன்னத்துக்கும் கழுத்து மடிப்புக்கும் மட்டும் ஊதுங்க. கண்ணை ஊதிடாதீங்க. அது கையால, கடைசியா." ராணி தலையில் பெயர்ந்த சில்லுக்கு நான் எபாக்ஸி மக்கு வைத்திருந்ததைக் காட்டினேன். பொம்மையை மேஜையில் வைத்துச் சாய்த்துவிட்டார். ராணி எழுந்தாள், ஆனால் நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றாள். "பாரம் ஏறிடுச்சு பாருங்க." அடிப்பாகத்தின் கனம்தான் அந்தப் பொம்மையை நிமிர்த்துகிறது. உச்சியில், அதுவும் ஒரு பக்கமாக, சுண்டைக்காய் அளவு மக்கு வைத்தாலே அந்தக் கணக்குக் கெட்டுவிடுகிறது. வீட்டுக்கு வந்து அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, காகிதக் கூழும் பசையும் வைத்து நிரப்பினேன். இப்போது நிமிர்ந்து நிற்கிறாள். ஊதுகிற வண்ணத்துக்குக் கனமே இல்லை என்பது இந்த இடத்தில் பெரிய உதவி.

பழைய வண்ணத்தைத் தேய்ப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பொம்மையின் மஞ்சளிலும் சிவப்பிலும் ஈயம் இருக்கலாம் என்று எண்ணித்தான் கை வைக்க வேண்டும். உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள், ஈரத்துணியால் ஒற்றி, ஈர உப்புத்தாளால் மட்டும் தேயுங்கள். சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் வேண்டவே வேண்டாம்.

செட்டிச்சியின் முகம் வேலையாகும்போது பழைய வண்ணத்தை மறைக்க மாஸ்கிங் டேப் ஒட்டினேன். டேப்போடு அவள் காதோரத்து முடி முழுவதும் வந்துவிட்டது. ஐம்பது வருஷத்துக் கோந்துப் பூச்சு அந்த இழுப்பைத் தாங்காது. அதற்குப்பின் பழைய எக்ஸ்ரே பிலிமைக் கன்னத்தின் வளைவுக்கு வெட்டி, முகத்தில் படாமல் கையால் பிடித்துக்கொண்டு அடித்தேன். படாமல் பிடிப்பதால் விளிம்பும் மிருதுவாக வந்தது. 15 பிஎஸ்ஐ, முகத்திலிருந்து இரண்டு விரல்கடை தூரம், மிக நீர்த்த சிவப்பு. முதல் மூன்று நான்கு பூச்சில் ஒன்றும் தெரியாது, ஏதாவது தெரிகிறதா என்று இன்னும் இழுக்கத் தோன்றும். இழுக்கக் கூடாது. நெருங்கி நின்று அதிகம் விட்டால் வண்ணம் சிலந்திக் கால் போலப் பிரிந்து ஓடும். ஏழாவது பூச்சில் கன்னம் வந்தது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "வேர்த்த மாதிரி இருக்காடா" என்றார். வார்னிஷ் மினுமினுப்பைச் சொல்கிறார் என்று புரிந்து, மேலே மங்கல் வார்னிஷ் ஒரு பூச்சு அடித்தேன்.

கழுவுவதற்குச் சோம்பல்பட்டால் இந்தத் தொழில் வேண்டாம். நிறம் மாற்றும்போது தண்ணீர் ஊதித் தள்ளுவது, நாள் முடிவில் ஊசியைப் பின்பக்கமாக உருவித் துடைப்பது, நாசிலைத் தனியாக ஊறவைப்பது. முழு ஏர்பிரஷையும் தின்னரில் மூழ்கவிடாதீர்கள், உள்ளே இருக்கிற ரப்பர் வளையங்கள் உப்பிவிடும். ஊசி முனையைத் தரையில் போட்டு வளைத்தவர்கள் அதைத் தட்டையான கல்லில் படுக்கவைத்து உருட்டி ஓரளவு நிமிர்த்தலாம். வளைந்த ஊசி நாசிலையும் கீறிவிடும் என்பதால் நான் புதிதே வாங்கிவிட்டேன், பாக எண் கையில் இருந்ததால் ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தது.

நவராத்திரி முதல் நாள் ஒன்பது அவதாரம் படியேறின. கண்கள் எல்லாவற்றையும் முந்தைய இரவு, பெரியவர் சொன்னபடி, சன்னத் தூரிகையால் எழுதினேன். நரசிம்மருக்கு மட்டும் பிடரி பாக்கி. தங்கத்துக்குக் கீழே போட்ட பழுப்பு மழையில் காயவில்லை, காயாததன்மேல் தங்கம் அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அவர் இன்னும் ரேழி அலமாரியில் இருக்கிறார். தை பிறந்து வெயில் ஏறியதும் 0.5 நாசிலை எடுக்க வேண்டும்.